துரை பெஞ்சில் கேஷிகா

கேஷிகாவுக்கு ஐ.டி. வேலை கிடைத்துவிட்டது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில் செய்தி பரவிய அன்று பின்னேரமே அவள் வீட்டு வாசலுக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி வந்து சேர்ந்தது. மறுநாள் டி.வி. ரிமோட் இரண்டு, சத்தம் வராத ரேடியோ ஒன்று, தண்ணீரில் விழுந்த போன்கள் சில. கொண்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்.

"புள்ள, கம்பியூட்டர் படிச்சிருக்கியாமே. இத கொஞ்சம் பாத்துக் குடேன்."

அவள் கம்பியூட்டர் படிக்கவில்லை. கம்பஸில் சமூகவியல் படித்தாள். ஐ.டி. வேலை கிடைத்த பிறகு அதைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை, தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது. அவர்கள் வீட்டு பல்பையும் நான்தான் போய் மாற்றிக் கொடுப்பேன்.

நான் பக்கத்துக் காம்பரா, லயம் என்ற நீண்ட வரிசையில் ஒட்டியிருக்கும் அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர், அதுவும் பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு வயசு" என்று குரல் வரும். இருவரும் ஒன்றாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒன்றாகப் பொகவந்தலாவை பஸ்ஸில் நசுங்கி ஏ.எல். பரீட்சை எடுத்து, ஒன்றாகக் கம்பஸ் போனோம். நான் வரலாறு படித்து, படித்த பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகத் திரும்பி வந்தேன். அவளுடைய பாடத்துக்கு அந்த முறை ஆள் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளிதான். இருந்தும் எனக்கு நியமனம், அவளுக்கு வீடு.

அதன்பிறகு அவள் காதில் விழுந்த கேள்வி இருக்கிறதே! "ஆர்ட்ஸ் படிச்சு என்னா பண்ணப் போற?" பஸ் கண்டக்டர் கேட்டார். பங்கீட்டுக் கடையில் கேட்டார்கள். கல்யாண வீட்டில், இலையில் சோறு விழுமுன் கேட்டார்கள். கேட்டவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏ.எல். வாசலையே மிதிக்கவில்லை. இவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீர்த்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

கேஷிகா கோபப்படமாட்டாள். "ஏன் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதுதான் வேலை. மழை இல்லாத நாளில், மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஏன் குடையோடு வருகிறார் என்று அவரிடமே போய்க் கேட்டு, அவர் யோசித்துவிட்டு "தெரியல புள்ள" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கம்பஸில் கடைசி வருட ஆய்வுக்கு மற்றவர்கள் பெரிய பெரிய தலைப்பாக எடுத்தபோது, இவள் எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாயடிச் சண்டையை எடுத்தாள். ஒரு லீவு முழுவதும் குழாயடியில் குந்தியிருந்து, யார் யாரோடு சண்டை, வாயில் சொல்லும் காரணம் எது, உண்மையான காரணம் எது என்றெல்லாம் எழுதினாள். அதைப் படித்துவிட்டுப் பேராசிரியர் எங்கள் குழாயைப் பார்க்கவே ஒருமுறை வந்தார். குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை.

அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். அம்மா ராசம்மா கொழுந்து பறிக்கிறவர். பட்டமளிப்பு விழாப் படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுவார். மகளின் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் "வரும்" என்று ஒரே சொல்.

வந்தது, என் போனில்தான். கொழும்பில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி விளம்பரம் போட்டிருந்தது. தமிழும் சிங்களமும் பேசத் தெரிய வேண்டும், மக்களோடு உட்கார்ந்து கதை கேட்கப் பொறுமை வேண்டும், கம்பியூட்டர் படிப்பு அவசியம் இல்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். "நீ வாய் பாக்குறதுக்குச் சம்பளம் குடுப்பாங்களாம்டி" என்று கிண்டலாக அனுப்பி வைத்தேன். அவள் அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டாள்.

வேலை இதுதான். கம்பெனியில் பொறியியல் படித்தவர்கள் போனுக்கு ஓர் ஆப் செய்கிறார்கள். அதை அவர்கள் மேசையில் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் ஓடும். அதை ஒரு சாதாரண மனிதர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார், எதைப் பார்த்துப் பயப்படுகிறார், ஏன் மூடி வைக்கிறார் என்று கேட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குப் பயனர் ஆய்வு என்று பெயர். கேஷிகாவைக் கேட்டால், குழாயடியில் குந்தியிருந்த அதே வேலைதான் என்பாள்.

நேர்முகம் வீடியோவில். எங்கள் மேற்கணக்கில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மாரியம்மன் கோயில் படியில்தான். லயம் முழுக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் இழுத்து இழுத்து நிற்கும். ராசம்மாவுக்கு அந்தக் கவலை வந்துவிட்டது. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கோயில் மைக் பிடிக்கும் அழகன் அண்ணனிடம் போயிருக்கிறார். கேஷிகா படியில் உட்கார்ந்து, கம்பெனியின் மேலாளர் துஷாந்துக்கு வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

"மேற்கணக்கு மக்களின் கனிவான கவனத்திற்கு! நம்ம ராசம்மாக்கா மக கேஷிகா இப்ப கோயில் படியில இண்டர்வியூல இருக்கு. எல்லாரும் தயவு செஞ்சு போன்ல டேட்டாவ நிப்பாட்டவும். அஞ்சாம் லயத்துல இன்னும் படம் ஓடுற சத்தம் கேக்குது, நிப்பாட்டவும்!"

துஷாந்த் கொழும்புக்காரர். மிரண்டு போய்விட்டார். "அங்க என்ன நடக்குது?"

கேஷிகா உள்ளதைச் சொன்னாள்.

"சொன்னா நிப்பாட்டிடுவாங்களா?"

"நிப்பாட்டிட்டாங்க சேர். இப்பதான் ஒங்க மொகமே எனக்கு நல்லா தெரியுது."

அவர் சிரித்த சிரிப்பில் மிச்சம் எல்லாம் சுலபமாக நடந்தது. குழாயடிக் கதையைக் கேட்டுவிட்டு, ஆறு மாதம் தற்காலிகமாக எடுக்கிறோம், பிறகு பார்ப்போம் என்றார். அந்த ஆறு மாதத்தின் முடிவில் நிரந்தரமா, வீடா என்பது ஒரே ஒரு வேலையில் தொங்கியது.

அந்த வேலைதான் 'சுகமா' என்ற ஆப். தோட்டத்துப் பெண்களுக்குக் கிளினிக் தேதியை நினைவூட்டுவது. ஒரு தொண்டு நிறுவனம் செய்யச் சொல்லியிருந்தது. வாசிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்று யோசித்து, கம்பெனிக்காரர்கள் அதைப் பேச வைத்திருந்தார்கள். செய்தி வாசிப்பவர் போல் ஒரு பெண் குரல், கணீரென்று. பகலில் கொழுந்து பறிக்க மலையில் நிற்பார்கள், ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று கணித்து, ஆறு மணிக்குப் பேச வைத்தார்கள். அந்த நேரம் கேஷிகா கோயில் படியில் இருப்பாள், நான் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பில். அந்தக் குரலில் அவர்களுக்குத் தாங்க முடியாத பெருமை. முதலில் எங்கள் தோட்டத்தில் சில மாதம் ஓட விட்டு, கேஷிகா வீடு வீடாகப் போய் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் ஆப் எல்லாத் தோட்டங்களுக்கும் போகும், அவளுக்கும் வேலை நிரந்தரம். சொந்தத் தோட்டம், தெரிந்த சனம், இதைவிட லேசான வேலை உண்டா என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அவள் விசாரிக்கப் போனாள். முதல் வீட்டில், "நல்லா இருக்கு புள்ள. ரொம்ப ஒதவியா இருக்கு." இரண்டாவது வீட்டில், "நல்லா இருக்கு புள்ள. ரொம்ப ஒதவியா இருக்கு." கடைசி லயம் வரை அதே இரண்டு வசனம், அதே வரிசையில். என் அம்மாவும் அதையே ஒப்பித்தார். கேஷிகாவுக்குச் சந்தோஷம் போய்ச் சந்தேகம் வந்தது. ஒரு வீட்டில், போன் உடைந்து மாதக்கணக்காகப் போனே இல்லாத ஓர் அக்கா, "நல்லா இருக்கு, தெனம் பாக்குறேன்" என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

முந்தின இரண்டு பின்னேரமும் ராசம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாகப் போயிருக்கிறார். "எம் மக போனப் பத்தி விசாரிக்க வருவா. நல்லா இருக்குன்னு சொல்லிருங்க. புள்ள வேல அதுலதான் இருக்கு." வெற்றிலையை எடுத்துக்கொண்ட பிறகு யார் மாற்றிச் சொல்வார்கள்?

கேஷிகா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டது எங்கள் பக்கம் நன்றாகக் கேட்டது.

"ஏம்மா இப்பிடி செஞ்சீங்க?"

"பெத்தவ செய்யாம வேற எவ செய்வா?" ராசம்மாவின் குரலில் ஒரு துளி வருத்தம் இல்லை.

"சரி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு அது எப்பிடி இருக்கு?"

சட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கும் நல்லாத்தான் இருக்கு. தள்ளு, அடுப்புல சோறு கொதிக்குது."

நான் சொன்னேன், பேசாமல் இதையே அனுப்பிவிடு, முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்று. வேறு என்ன சொல்வது? வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருடம் அவள் டவுனில் போட்டோக்கொப்பிக் கடையில் நின்று, அடுத்தவர்களின் சான்றிதழ்களைப் பிரதி எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தவள் நான். அவள் கேட்கவில்லை. கோயில் படிக்குப் போய் துஷாந்துக்குப் போன் எடுத்து, வெற்றிலை முதல் போன் இல்லாத அக்கா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆப் வெளியாகும் நாளைத் தொண்டு நிறுவனத்துக்குச் சொல்லியாகிவிட்டதாம். "ஒரு கிழமை தாறேன், ஏழே நாள். அதுக்குள்ள உண்மையான அறிக்கை வரணும். இல்லாட்டி கேஷிகா, நாங்க வேற ஆளத்தான் பாக்க வேண்டி வரும்" என்று வைத்துவிட்டார்.

மறுபடியும் வீடு வீடாகப் போனாள். கெஞ்சினாள், சத்தியம் வாங்கிப் பார்த்தாள். "குறை சொன்னாதான் எனக்கு வேல நெலைக்கும்" என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்து, தேத்தண்ணி கொடுத்து, "நல்லா இருக்கு புள்ள" என்றார்கள். எங்கள் சனத்துக்குக் குறை சொல்லத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். மாதர் சங்கத் தலைவி மனோரஞ்சிதம் அக்கா மடுவத்தில் கூட்டம் வைத்தால் ஆளுக்கு ஆள் எழும்பி நின்று, தோட்டத்து மேனேஜர் துரையை வைத்துக்கொண்டே கொழுந்துச் சாக்கிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் கிழித்துவிடுவார்கள். தெரிந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் வராது.

இதை யோசித்துத்தான் கேஷிகா மனோரஞ்சிதம் அக்காவிடம் போனாள். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம மடுவத்துக்கு வா. ஆம்பள ஒருத்தனும் அந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே தராசுக்குப் பக்கத்தில் ஒரு பலகை பெஞ்சு உண்டு. சங்கக் கூட்டத்துக்கு வரும்போது துரை அதில்தான் உட்காருவார். மற்ற நாளில் அது சும்மாதான் கிடக்கும், ஆனாலும் எவரும் உட்காருவதில்லை. எவ்வளவு மழை என்றாலும் நின்றுகொண்டுதான் ஒதுங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். என் அம்மாவோடு நானும் போனேன். கேஷிகா வழக்கம்போல் அவர்களுக்கு நடுவில் வந்து குந்தினாள். மனோரஞ்சிதம் அக்கா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"நீ இங்கன குந்திக்கிட்டு கொறையச் சொல்லுங்கன்னா எவ சொல்லுவா? அங்க போயி உக்காரு."

"ஐயோ, அது தொர பெஞ்சுக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். போ."

கேஷிகா போய் நுனியில் உட்கார்ந்தாள். கூச்சத்தில் எல்லாரையும் பார்த்துச் சிரித்து வைத்தாள்.

"சிரிக்காத! தொர சிரிப்பாரா?" என்று அதட்டிவிட்டு, அக்கா பெண்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இது இப்ப ராசம்மா மக இல்ல. இது கம்பெனி. கம்பெனிமேல என்னா கொற இருக்கோ எந்திரிச்சுச் சொல்லுங்க. இங்க வாய மூடிட்டு நாளைக்கு மலையில மொனகுனீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

பெண்கள் ராசம்மாவைப் பார்த்தார்கள். ராசம்மா முந்தானை நுனியைப் பார்த்தார். கடைசியில் லோஜினி எழும்பினாள், கைக்குழந்தைக்காரி. முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுல ஒரே போனுங்க. அது அவருகிட்டதான் இருக்கும். அவரு பஸ்ஸுல கண்டக்டரு. புள்ளைக்கு ஊசி போட வாங்கன்னு அந்தப் பொம்பள பஸ்ஸுக்குள்ள கத்துது. பஸ்ஸுல இருந்தவங்க எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது!"

மடுவம் குலுங்கிச் சிரித்தது. அதோடு அணை உடைந்தது. வெயிலில் எழுத்துத் தெரிவதில்லை. இமெயில் கேட்கிறது, அது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் பேசுவது டி.வி.யில் சாவுச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. இன்னொரு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு வயித்துக் கோளாறுங்க. அத அந்தப் பொம்பள லயத்துக்கே சொல்லிருச்சு. மறுநாளு பீலியடியில தண்ணி புடிக்கையில ஆளுக்கொரு மருந்து சொல்றாங்க!" என்றார். என் அம்மாவும் எழும்பி இரண்டு குறை சொன்னார். கேஷிகா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது, ஆனால் சிரிக்கப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஓய்ந்த பிறகு ராசம்மா எழும்பி நின்றார். துரைக்கு முன்னால் நிற்பதுபோல, கைகளைக் கட்டிக்கொண்டு.

"கம்பெனிக்காரங்களுக்கு வணக்கங்க. எனக்கும் ஒரு கொற இருக்குங்க."

கேஷிகா நிமிர்ந்தாள். அம்மா அவளிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. 'வாடி, போடி' தவிர வேறு தெரியாது அந்த வாய்க்கு.

"பொம்பளைங்க கிளினிக்குக்கு வரச் சொல்லி நர்ஸு மிஸ்ஸு எம் பேரப் பதிஞ்சாங்க. அன்னைக்கு ஆறு மணிக்கு எம் மக கோயில் படியில வேலையா இருந்துச்சுங்க. வீட்டு முன்னால இஸ்தோப்புல ஆம்பளைங்க எல்லாம் கேரம் வெளையாண்டுக்கிட்டு இருந்தாங்க. ஒங்க போனு, 'ராசம்மா அவர்களே, கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு வாருங்கள்'னு கத்துச்சுங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு எங்க போயி ஒளியிறதுன்னு தெரியல. போன அணைச்சு அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன். கிளினிக்குக்குப் போகலங்க. அடுத்த தடவ கூப்புட்டதுக்கும் போகலங்க."

ராசம்மா மூச்சு வாங்கிக்கொண்டார்.

"எம் மக என்கிட்ட கேட்டுச்சுங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அதுகிட்ட எப்பிடிங்க சொல்றது? புள்ள வேல. அதான் ஒங்ககிட்ட சொல்றேங்க."

கேஷிகாவின் பேனா நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டியது.

"கம்பெனி பதில் சொல்லணும்" என்றார் மனோரஞ்சிதம் அக்கா. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

கேஷிகா எழும்பி நின்றாள். "தப்பு எங்க மேலதாங்க. திருத்திடுறோங்க." அதற்கு மேல் அவளால் முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டு தேம்பிவிட்டாள்.

"ஏய், அழுவாதடி" என்றார் ராசம்மா. "தொர அழுவாரா?"

அந்த அறிக்கை துஷாந்துக்குப் போனது. படிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு அழைத்து, லயத்துச் சுவர் வழியே எல்லாம் கேட்கும் என்று ஏன் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டாராம். உங்கள் வீட்டுச் சுவர் கனமாக இருக்கும் சேர், அதுதான் தோன்றியிருக்காது என்றாளாம் இவள். ஆப் வெளியாவது தள்ளிப்போனது. அந்தக் கோபத்தில் இவளுடைய ஆறு மாதத்தை ஒன்பதாக்கினார்கள். அது அநியாயம் என்று நான் இன்றும் சொல்வேன். ஒன்பது முடிந்ததும் நிரந்தரமாக்கினார்கள். இப்போது 'சுகமா' கத்துவதில்லை. மெதுவாக அதிரும். எடுத்துக் காதில் வைத்தால், அழைப்பில் பேசுவதுபோல் எடுத்தவருக்கு மட்டும் சொல்லும். கிளினிக்கின் பெயரையும் சொல்லாது, தேதியை மட்டும் சொல்லும். இஸ்திரிப்பெட்டிகள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. மடுவத்துக் கூட்டம் முடிந்த அந்தக் கிழமையே கிளினிக் நாள் வந்தது. வேலை நிலைக்குமா போகுமா என்று தெரியாத நேரத்தில், கேஷிகா லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சோதனை முடியும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தின்றாளாம். பயப்பட ஒன்றும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. அன்று அது தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "எப்பிடிம்மா இருந்துச்சு?"

"நல்லா..." என்று ஆரம்பித்த ராசம்மா, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என்னாத்த நல்லா? அந்த மிஸ்ஸு கை ஐஸுக்கட்டி. கட்டிலு ஆடுது. மறைப்புத் துணி பாதிக்குத்தான் இருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுடி."

பஸ் வளைந்து வளைந்து ஏறி மேற்கணக்கு முடக்கில் இறங்கும் வரையில் ராசம்மா நிறுத்தவே இல்லையாம். கேஷிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.